தாயும் ஆனவர்கள்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் கோயில் கொண்டிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். அப்பெயர் வந்த கதையை நம் பாட்டிமார் நன்கு அறிவர். இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் நிறைமாதச் சூலியாக இருந்தாள். பேறுகாலத்துக்கு உடனிருக்க அவள் தாய் ஊரிலிருந்து புறப்பட்டாள். வழியில் காவிரி கரை புரண்டது. தாய் அக்கரையில் நிற்க, மகளுக்கு இக்கரையில் வலி கண்டுவிட்டது. துணைக்கு ஆளின்றி அவள் கதறியபோது, மலைமேல் உறையும் சிவபெருமான் அவள் தாயின் உருவிலேயே வந்து பேறு பார்த்தான் என்பது தல வரலாறு. வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு தாயர் நின்றனர். அவர்களுள் ஒருவர் மறைந்தார். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி அத்திருக்கோயிலில் வாழைத்தார் படைப்பவர் பலர்.

இக்கதையில் என் நெஞ்சைத் தொடுவது இறைவன் பூண்ட கோலம். இராச வைத்தியராகவோ, தவமுனிவராகவோ அவன் வரவில்லை. முதிய பெண் ஒருத்தியாக வந்தான். எதிர்பாரா நேரத்தில் ஓர் உயிர் பிறக்கத் துடிக்கும்போது வேண்டப்படுவது அருகில் இருக்கும் ஒருவரின் அறிந்த கை என்பதைக் கதை கட்டியவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும். அந்த அறிந்த கையை உருவாக்க மனிதர் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவன் அல்லேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். எனினும் இப்பொருளில் எனக்கு ஒரு குடும்பக் கடன் உண்டு.

ரயில் பெட்டியில் ஒரு தாய்

என் பெற்றோர் வேலை தேடிப் பெங்களூர் வந்தவர்கள். 1984ஆம் ஆண்டு, என் அன்னையார் இரண்டாம் பேற்றுக்காகத் தம் தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். தலைப்பிரசவத்துக்கே உரிய வழக்கம் என்றாலும், பெங்களூரில் உதவிக்குப் பெண்துணை இல்லாமையால் இரண்டாவதற்கும் ஊருக்குப் போவதென முடிவாயிற்று. ஐந்து வயதுச் சிறுவனான நான் உடன் சென்றேன். நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆனால், வண்டி பங்காருப்பேட்டையைத் தாண்டிச் சிறிது நேரத்தில் அம்மாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

பெட்டியில் இருந்தவர்கள் அனைவரும் நல்லவர்களே. ஒருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் சங்கிலியை இழுக்க எழுந்தார். நடுக்காட்டில் வண்டியை நிறுத்தி என்ன பயன் என்று மற்றொருவர் தடுத்தார். அப்போது, பங்காருப்பேட்டையில் பூக்கூடையோடு ஏறியிருந்த நடுவயதுப் பெண் ஒருவர் எழுந்து வந்தார். ஆண்களை அப்புறப்படுத்தினார். இரண்டு பெண்களைச் சேலை பிடித்து மறைக்கச் சொன்னார். தம் கையை முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவிக்கொண்டார். அவர் சொன்ன சொற்களை அம்மா இன்றும் அப்படியே சொல்வார்: “யாரும் இழுக்காதீங்க. வர்றது தானா வரும். தாய்க்குக் காத்து விடுங்க.”

என் தங்கை பிறந்தாள். பூக்காரம்மாள் தம் மூட்டையிலிருந்த துவைத்த சேலையால் குழந்தையைத் துடைத்து, அம்மாவின் மார்மேல் கிடத்தி மூடினார். சேலைக்கு அப்பாலிருந்து ஒருவர் கொடியை அறுக்கத் தம் சவர பிளேடை நீட்டினார். “சவரம் பண்ணின பிளேடா? உள்ளே வைய்யா. கொடி அப்படியே இருக்கட்டும். ஜோலார்பேட்டையில நர்சம்மா அறுப்பாங்க” என்று அந்த அம்மாள் அதட்டினாராம். “இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?” என்று அம்மா கேட்டதற்கு, “எங்க மாமியார் மருத்துவச்சி. அப்புறம் சர்க்கார் ஆஸ்பத்திரியில ஒரு மாசம் பாடம் சொல்லிக் குடுத்தாங்க” என்று விடை வந்தது. ஜோலார்பேட்டையில் அம்மாவையும் குழந்தையையும் இறக்கும் பரபரப்பில் அந்தப் பெண் கூட்டத்தில் கலந்து மறைந்துவிட்டார். பெயரைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ‘ஒரு மாசப் பாடம்’ எது என்பது நெடுங்காலம் எனக்கு விளங்காதிருந்தது. அதைத் தேடிப் படிக்கப் புகுந்தபோதுதான் அதன் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பதைக் கண்டேன்.

செவிலியும் மருத்துவச்சியும்

சங்க இலக்கியம் பயின்றோர்க்குச் ‘செவிலி’ புதிய சொல் அன்று. பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். அகப்பாடல்களில் தலைவியின் உள்ளத்தை நற்றாயினும் நுட்பமாக அறிந்தவள் அவளே. இருபதாம் நூற்றாண்டில் மருத்துவமனைத் தாதிக்குத் தமிழ்ப் பெயர் வேண்டியபோது, இச்சொல்லையே எடுத்தாண்டனர். பெறாத பிள்ளையைப் பேணுபவள் என்னும் பொருள் அதில் பொதிந்திருப்பது எத்துணைப் பொருத்தம்!

ஆனால், ஊர்களில் உண்மையாகப் பேறு பார்த்த பெண்ணுக்கு இந்த இலக்கிய மதிப்பு வாய்க்கவில்லை. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் நாவிதர் குலத்துப் பெண்டிரே மருத்துவச்சியராக விளங்கினர். நள்ளிரவில் கூப்பிட்ட வீட்டுக்கு ஓடி, குருதியையும் நஞ்சுக்கொடியையும் கையால் அள்ளி, தாயையும் சேயையும் குளிப்பாட்டிவிட்டு, முறத்தில் வைத்த நெல்லையும் பழம்புடவையையும் கூலியாகப் பெற்றுச் சென்றனர். தீட்டு என்று வீட்டார் ஒதுங்கி நின்ற அறைக்குள் நுழைந்தவர் அவரே. அந்தத் தீட்டையே காரணமாக்கி அவரையும் ஒதுக்கியது நம் சமூகம். உயிரை ஏந்திய கைக்கு நாம் அளித்த மரியாதை இவ்வளவுதான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர்களது கைப்பழக்கத்தில் நன்மையும் தீமையும் கலந்திருந்தன. தாயைக் குந்தவைத்தும் நடக்கவிட்டும் வலியைத் தாங்கச் செய்தனர், பொறுமையோடு காத்திருந்தனர், இதமான சொல் பேசினர். இவை நன்மைகள். அரிவாளாலோ பழைய கத்தியாலோ கொடியை அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பலும் சாணமும் அப்பினர். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை தொட்டு வைத்தனர். இவை தீமைகள். பிறந்த ஒரு வாரத்துக்குள் குழந்தையின் வாய் பூட்டிக்கொண்டு, உடல் வில்லாக வளைந்து இறந்தால், காற்றுச் சேட்டை என்றனர். அது ரணஜன்னி என்பதும், கொடியை அறுத்த இரும்பிலும் அப்பிய சாணத்திலும் ஒட்டியிருந்த கிருமியே காரணம் என்பதும் யாருக்கும் தெரியாது.

வியன்னாவில் ஒரு பாடம்

இந்த அறியாமையை நாட்டுப்புறப் பெண்களின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியாகாது. ஐரோப்பாவின் பேரறிஞர் கூடிய வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அங்கே இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும், மற்றொன்றில் மருத்துவச்சியரும் பேறு பார்த்தனர். 1846ஆம் ஆண்டில் மருத்துவர் பகுதியில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் பிரசவ ஜன்னியால் இறந்தனர். மருத்துவச்சியர் பகுதியில் இறந்தவர் நூற்றுக்கு மூவரினும் குறைவு. செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் இதன் காரணத்தைத் தேடினார். பிணங்களை அறுத்துப் பயின்ற கையைச் சரியாகக் கழுவாமல் மாணவர்கள் நேரே தாய்மாரிடம் வருவதைக் கண்டார். 1847இல் குளோரின் கலந்த நீரில் கைகழுவியே உள்ளே நுழைய வேண்டும் என விதித்தார். மறு ஆண்டே இறப்பு நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர் காலத்து மருத்துவர் பலர் அவரை ஏற்கவில்லை. தங்கள் கையே எமன் என்பதை ஒப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை.

கற்றவன் கையாயினும் கழுவாத கை கொல்லும். கல்லாதவள் கையாயினும் கழுவிய கை காக்கும். பேறுகால மருத்துவ வரலாறு முழுவதற்கும் இதனை முதற்பாடம் எனலாம்.

சென்னையும் திண்டிவனமும்

தமிழ்நாட்டில் இப்பாடம் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இனி நோக்குவோம். சென்னையில் பிரசவ மருத்துவமனை 1844ஆம் ஆண்டு தோன்றியது. இன்று எழும்பூரில் விளங்கும் அரசு மகப்பேறு மருத்துவமனை அதன் வழிவந்ததே. 1854இல் சென்னையில் மருத்துவச்சியருக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு இசைவளித்தது. 1885இல் டஃபரின் சீமாட்டி பெயரால் அமைந்த நிதி, பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் செய்ய வழிவகுத்தது. 1903இல் கர்சன் சீமாட்டி நிறுவிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியின் நோக்கமோ இன்னும் நேரானது: பரம்பரையாகப் பேறு பார்த்து வரும் தாய்களுக்குப் பயிற்சி தருவது. வடநாட்டில் மருத்துவச்சியைத் ‘தாய்’ என்றே அழைப்பர் என்பது நமக்குத் தித்திக்கும் ஒற்றுமை.

ஆனால், நகரத்தில் மருத்துவமனை எழுந்ததாலேயே ஊரில் உள்ள பெண்ணுக்கு உதவி கிட்டிவிடவில்லை. 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் நிகழ்ந்ததைப் பலர் கேட்டிருப்பீர்கள். அமெரிக்கப் பாதிரி மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயைக் காண அங்கு வந்திருந்தார். ஓர் இரவில் ஒருவர் பின் ஒருவராக மூவர் வாயிற்கதவைத் தட்டினர். மூவருடைய இளம் மனைவியரும் பேறு கடினமாகி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். தந்தையார் வரச் சித்தமாக இருந்தார். ஆடவர் வருவதை அவர்கள் விரும்பவில்லை. பெண்ணாகிய ஐடா வரவேண்டும் என்றனர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர். அந்த இரவே அவரை மருத்துவராக்கியது. 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மறு ஆண்டே தமிழகம் திரும்பினார். வேலூரில் 1902இல் மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தோற்றுவித்தார்.

வேலூரின் பெருமையைச் சொல்லும்போது இக்கதை எங்கும் கூறப்படுகிறது. நான் இதில் வேறொன்றையும் காண்கிறேன். அந்த மூன்று வீடுகளிலும் அன்றிரவு பெண்கள் இருந்திருப்பார்கள். மாமியார், நாத்தனார், அண்டை வீட்டார் எல்லாரும் சூழ நின்றிருப்பார்கள். கடினப் பேற்றுக்கு மருத்துவர் வேண்டும் என்பது உண்மை. ஆனால், அது கடினம் என்பதை நேரத்தோடு அறிந்து, இருட்டும் முன்பே ஆளனுப்பும் அறிவு அருகில் இருந்தவர்க்கு வேண்டும் அன்றோ? அவ்வறிவை அவர்களுக்குக் கற்பித்தவர் எவருமிலர்.

ஒரு மாதப் பாடம்

விடுதலைக்குச் சற்று முன், 1946இல், போர் குழு அளித்த அறிக்கை நாட்டின் நிலையைப் பட்டவர்த்தனமாக்கியது. ஆண்டுதோறும் ஏறக்குறைய இரண்டு லட்சம் பெண்கள் கருவுற்றதன் காரணமாகவும் பேற்றின் காரணமாகவும் இறப்பதாக அது கணித்தது. அறுபதாயிரம் மக்களுக்கு ஒரு பயிற்சி பெற்ற மருத்துவச்சி என்பதே அன்றைய நிலை. மருத்துவர்களையும் தாதியரையும் உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். பிள்ளைகளோ அதுவரை காத்திருக்கப் போவதில்லை. எனவே, ஊரில் ஏற்கெனவே பேறு பார்த்துவரும் பெண்ணைப் பயிற்றுவிப்பது என்ற பழைய எண்ணம் மீண்டும் எழுந்தது. 1977ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடு முழுவதும் பெரிய அளவில் இத்திட்டம் நடைபெற்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 நாள் பயிற்சி. முடிவில் சிறு பெட்டியொன்றில் கருவிகள்.

என் தங்கையை ஏந்திய பூக்காரம்மாள் சொன்ன ‘ஒரு மாசப் பாடம்’ இதுவாகவே இருக்க வேண்டும். அப்பாடத்தின் சாரத்தை ஐந்து தூய்மை எனச் சுருக்கினர்: தூய கை, தூய படுக்கை, தூய பிளேடு, கொடியைக் கட்டத் தூய நூல், எதுவும் அப்பாத தூய கொப்பூழ். எழுத்தறியாதவரும் ஐந்து விரலில் எண்ணி நினைவில் வைக்கத்தக்க பாடம் இது. கருவுற்ற தாய்க்கு இடும் ரணஜன்னித் தடுப்பூசியும், மருத்துவமனைப் பேறும், இந்த ஐந்து தூய்மையும் சேர்ந்து செய்த நன்மை சிறிதன்று. ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பச்சிளங்குழந்தைகளைத் தாக்கிய ரணஜன்னி, 2015ஆம் ஆண்டில் இந்நாட்டில் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையினின்று ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

எனினும் இப்பயிற்சிக்கு ஓர் எல்லை இருந்தது. பேற்றுக்குப் பின் பெருகும் குருதிப்போக்கையும், வலிப்பையும், குறுக்கே கிடக்கும் குழந்தையையும் 30 நாள் பாடம் வெல்ல முடியாது. இதனை நமக்கு முன்பே உணர்ந்து செயற்பட்ட நாடு இலங்கை. கொழும்பில் 1879இலேயே டி சொய்சா பிரசவ மனை எழுந்தது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பகுதி அமைந்தது. முறையாகப் பயின்ற மருத்துவச்சி ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பேற்று வீடு வீடாகச் சென்றாள். அவளுக்குப் பின்னால் மருத்துவமனையும் வண்டியும் இருந்தன. அந்நாட்டில் தாய்மார் இறப்பு பெரிதும் வீழ்ந்ததற்கு இவ்வமைப்பு முதன்மையான காரணம். 1997இல் அதே கொழும்பில் கூடிய அனைத்துலகப் பேரவை, ஒவ்வொரு பேற்றுக்கும் முறையாகப் பயின்றவர் உடனிருக்க வேண்டும் என்பதை வற்புறுத்தியது. அதன்பின், பரம்பரை மருத்துவச்சியர்க்குப் பயிற்சி தரும் திட்டங்கள் உலகெங்கும் மெல்லப் பின்தள்ளப்பட்டன.

சித்தேரி மலையடியில்

அப்படியாயின் சாதாரண மக்களைப் பயிற்றுவிப்பது வீண் வேலையா? அன்று என்பதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவேன்.

நம்மில் பலருக்குச் சொந்த மாவட்டமான தருமபுரியில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் அங்கே ஒரு கூரைக் குடிசையில் மருத்துவமனை தொடங்கினர். அன்று அப்பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 150 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. இருவரால் மட்டும் என்ன செய்ய இயலும்? அவர்கள் மலைவாழ் மக்களின் பெண்களையே அழைத்துப் பயிற்றுவித்தனர். ஓரளவு பள்ளிப்படிப்பு உள்ள இளம்பெண்கள் மருத்துவமனையில் பேறு பார்க்கவும் நோயாளிகளைப் பேணவும் கற்றனர். ஊர்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட மூத்த பெண்கள் கருவுற்றவர்களையும் குழந்தைகளையும் கண்காணித்து, ஆபத்துக் குறியைக் கண்டால் கீழே அனுப்பக் கற்றனர். பின்னாளில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு இருபதை ஒட்டி இறங்கியது.

மற்றொன்று மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் 39 சிற்றூர்களில் ஓரளவே படித்த பெண்களைத் தேர்ந்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே பேணும் முறையைக் கற்பித்தனர். மூச்சு விடாத குழந்தையைத் தூண்டுவது, கதகதப்பாக வைப்பது, நோய்க்குறியை அறிவது ஆகியவையே பாடம். அவ்வூர்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததாக 1999இல் வெளிவந்த அவர்களது ஆய்வு காட்டியது. உலகின் பல நாடுகள் இதனைப் பின்பற்றின.

இவ்விரண்டிலும் ஒரே நெறி விளங்குகிறது. சாதாரண மனிதருக்கு எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டியதில்லை. முதல் சில நிமிடங்களில் செய்ய வேண்டியதையும், செய்யக்கூடாததையும், எப்போது விரைந்து பெரிய கைகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கற்பித்தால் போதும்.

நம் நகரத்தில்

நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாட்டிலும் இம்மரபுக்குப் பெருமை உண்டு. கன்னடத்தில் மருத்துவச்சிக்குச் ‘சூலகித்தி’ என்று பெயர். நம் ‘சூல்’ என்னும் சொல்லே அதில் ஒலிக்கிறது. தும்கூர் மாவட்டம் பாவகடா வட்டத்தைச் சேர்ந்த சூலகித்தி நரசம்மா, தம் வாழ்நாளில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பேறுகளைக் கூலி கேட்காமல் பார்த்தவர் எனப் போற்றப்பட்டவர். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று பெங்களூரில் மறைந்தார். வெட்கத்தோடு முன்னே நாம் ஒப்புக்கொண்ட குறைக்குக் காலம் சற்றே ஈடு செய்தது என்று அன்று நான் எண்ணிக்கொண்டேன்.

பெங்களூரில் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. தண்டுப் பகுதித் தமிழர்க்கு பவுரிங், லேடி கர்சன் மருத்துவமனையும், நகரப் பகுதியினர்க்கு 1935இல் திறக்கப்பட்ட வாணி விலாஸ் மருத்துவமனையும் தலைமுறை தலைமுறையாகத் தாய்வீடு போல விளங்கின. 2008இல் தமிழகத்திலும் கருநாடகத்திலும் 108 அவசர ஊர்தி ஓடத் தொடங்கியது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடும், கருநாடகத்தில் 97 விழுக்காடும் பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. நம் பாட்டிமார் கனவிலும் காணாத பேறு இது. மருத்துவமனையில் பிள்ளை பெறுவதே தக்கது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஆயினும், இந்நன்மையின் நிழலில் ஒரு மறதி வளர்ந்துவிட்டது. பேறு என்பது மருத்துவமனைக்கு உரியது, நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை என்று நாம் இருந்துவிட்டோம். முன்பு தெருவுக்கு ஒரு பாட்டியாவது அறிந்திருந்ததை இன்று அடுக்குமாடி வீடுகள் நூற்றில் ஒருவர்கூட அறியார். ஆனால், பிள்ளையோ போக்குவரத்து நெரிசலையும் மழையையும் கேட்டுக்கொண்டு பிறப்பதில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, இந்நகரத்துத் தொட்டபொம்மசந்திரத்தில் நடந்ததை நாளேடுகள் எழுதின. புலம்பெயர்ந்த தொழிலாளிப் பெண் ஒருத்தி வலியோடு கணவனுடன் பல கிலோமீட்டர் நடந்தாள். திறந்திருந்த ஒரே இடம் ஒரு பல் மருத்துவரின் சிகிச்சையகம். அங்கேயே பிள்ளை பிறந்தது. முதலில் அசைவற்றுக் கிடந்த குழந்தையை அந்தப் பல் மருத்துவப் பெண்மணி தூண்டி உயிர்ப்பித்தார். பிறகு தாயும் சேயும் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டனர். பல்லுக்கு மருத்துவம் படித்தவருக்கு அந்த முதல் நிமிடத்தின் பாடம் தெரிந்திருந்தது. அக்கதவைத் திறந்தவர் என்னைப் போன்ற எழுத்தராக இருந்திருந்தால்? இக்கேள்வி பல நாள் என்னை உறங்கவிடவில்லை.

அறிய வேண்டுவன சில

எங்கள் அலுவலகத்தில் அவ்வப்போது தீயணைப்புப் பயிற்சி நடக்கும். மணி அடிப்பார்கள், எல்லாரும் வரிசையாகப் படியிறங்குவோம். என் பணிக்காலத்தில் அலுவலகம் ஒரு நாளும் தீப்பற்றியதில்லை. ஆயினும் அப்பயிற்சியை வீண் என்று ஒருவரும் சொல்வதில்லை. அதே அலுவலகத்தில் கருவுற்ற சகோதரியர் நிறைமாதம் வரை பணிக்கு வருகின்றனர். அவர்களுள் ஒருவருக்கு மின்தூக்கியில் வலி கண்டால் என்ன செய்வது என்று எங்களுக்கு எவரும் கற்பித்ததில்லை.

மருத்துவர் கூறும் நெறிகள் மிக எளியவை. முதலில் 108ஐ அழைத்தல். தொலைபேசியில் அவர்கள் சொல்வதைக் கேட்டு நடத்தல். தாயைத் தனியே விடாதிருத்தல். கூட்டத்தை விலக்கி மறைவு செய்தல். கையைச் சோப்பிட்டுக் கழுவுதல். தலை வெளிப்படும்போது கையால் தாங்குதல்; இழுக்காதிருத்தல்; வயிற்றை அழுத்தாதிருத்தல். பிறந்த உடனே குழந்தையை உலர்ந்த துணியால் நன்கு துடைத்தல். பெரும்பாலான குழந்தைகள் தாமே அழும். பத்தில் ஒன்றுக்கு அளவில் உதவி வேண்டியிருக்கும், அவற்றுள்ளும் பல முதுகைத் தேய்த்துத் தூண்டிய அளவிலேயே மூச்சு விடும். பின்னர்த் தாயின் வெறும் மார்பில் கிடத்தி இருவரையும் சேர்த்துப் போர்த்துதல். கொடியை அறுக்கவோ இழுக்கவோ முயலாமல், பயின்றவர் வரும்வரை அப்படியே விடுதல். நஞ்சுக்கொடி தானே விழுந்தால் அதையும் குழந்தையோடு வைத்திருத்தல். குருதி நில்லாமல் பெருகினால் அதுவே பேராபத்து என அறிந்து, ஒரு நொடியும் தாழ்க்காது மருத்துவமனை சேர்த்தல்.

கூர்ந்து நோக்கின், இவற்றுள் பாதிக்கு மேல் ‘செய்யாதிருத்தல்’ என்பது புலனாகும். அச்சமே கையை அவசரப்படுத்துகிறது. அறிவு கையை அடக்குகிறது. சவர பிளேடை நீட்டிய அந்த நல்லவருக்கும் பூக்காரம்மாளுக்கும் இடையே இருந்த வேறுபாடு இதுவே.

இதனைக் கற்க ஒரு பிற்பகல் போதும். நம் சங்கங்கள் பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் மண்டபம் அமைக்கின்றன, நன்றே. ஆண்டுக்கு ஒரு நாள், பயின்ற செவிலியர் ஒருவரை அழைத்து, ஒரு துணிப்பொம்மையை வைத்து, ஆடவர் பெண்டிர் அனைவருக்கும் இதைக் கற்பிக்கலாகாதா? ஆடவரை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். மலைக்கோட்டை இறைவனே வெட்கப்படாத வேலைக்கு நாம் வெட்கப்படுவானேன்?

உறவைப் பிரிந்து வந்தவர் நாம். நம் வீட்டுப் பெண்ணின் தாய் எப்போதும் ஏதேனும் ஓர் ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறாள். நம் தெருக்கோடியில் எழும் கட்டடத்தின் தகரக் கொட்டகையில் வாழும் தொழிலாளிப் பெண்ணின் தாயோ இன்னும் பல ஆறுகளுக்கு அப்பால் இருக்கிறாள். அவள் பேசும் மொழிகூட நமக்குத் தெரியாதிருக்கலாம். வெள்ளம் வடியும்வரை அவளருகே நிற்பவர் யார் என்பதே கேள்வி.

என் தங்கைக்கு இப்போது இரு பிள்ளைகள். இருவரும் மருத்துவமனையில் பிறந்தவர்கள். ஒவ்வோர் ஆண்டும் அவள் பிறந்தநாளில் அம்மா இரண்டு முழம் மல்லிகை வாங்குவார். ஒரு முழத்தைச் சாமி படத்துக்குச் சார்த்துவார். மற்றொன்றைத் தங்கையின் கையில் கொடுப்பார். “அந்தம்மா பேர் தெரியாமப் போச்சே” என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்.